மான்மலை, கிழக்கிலிருந்து

காபியில் பட்டை தூக்கலாக இருந்தால் சொல்லுங்கள், வேறு கொதிக்கவைக்கிறேன். வயதாக ஆக நாக்கு மரத்துப்போகிறது. எதைப் போட்டாலும் கொஞ்சம் கூடுதலாகவே போட்டுவிடுகிறேன்.

அருங்காட்சியகத்திலிருந்து வருகிறேன் என்று நீங்கள் தொலைபேசியில் சொன்னபோதே எந்தப் படத்தைப் பற்றி என்று தெரிந்துவிட்டது. என் கணவரின் மற்ற படங்களைப் பற்றிக் கேட்க என்னிடம் யாரும் வருவதில்லை. அவை எல்லாம் சுவரில் இருக்கின்றன. தொழிற்சங்கக் கட்டடம், கொய்யோகான் சந்தை முகப்பு, ரயில் நிலையம் என்று எங்கே திரும்பினாலும் ஹெர்மிலோ சாந்தோயோவின் முஷ்டிகளும் கொடிகளும்தான். பலகையில் அவர் வரைந்த நிலக்காட்சி இந்த ஒன்றுதான். அதன் கீழே 'கற்பனை நிலக்காட்சி' என்று இத்தனை வருடமாக எழுதி வைத்திருக்கிறீர்கள். அது தவறு. அந்த இடம் இருக்கிறது. நான் பிறந்த ஊருக்கு மேலே இருக்கிறது. மான்மலை என்று பெயர். இரண்டு உச்சிகள், மானின் கொம்பு மாதிரி. அதில் ஒன்று முறிந்த கொம்பு. எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் முறிந்த கொம்பு வலப்பக்கம் தெரியும். படத்தில் அது இடப்பக்கம் இருக்கிறது. அப்படித் தெரிய வேண்டுமென்றால் மலைக்கு அந்தப்புறம், எரிமலைக் குழம்பு ஓடி உறைந்த கெட்டநிலத்தைத் தாண்டிப் போய் நிற்க வேண்டும். அங்கே என் சித்தப்பா மகன் மசெதோனியோவின் சுண்ணாம்புக் காளவாய் இருந்தது. சுற்றிலும் கறுப்புப் பாறை. வேறு வீடு கிடையாது.

இதை எழுதிக்கொள்ளுங்கள். மற்றதையும் சொல்கிறேன், எழுதுவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

என் முதல் கணவர் ரயில்வேயில் இருந்தார். ஒரு விபத்தில் போய்விட்டார். கைக்குழந்தையோடு தலைநகருக்கு வந்து, தொழிற்சங்கத்துக்குக் கொடி தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சங்கத்தின் சுவரில்தான் ஹெர்மிலோ அப்போது வரைந்துகொண்டிருந்தார். கல்யாணம் ஆனபோது என் மகன் அனஸ்தாசியோவுக்கு நடக்கத்தான் தெரியும், பேச்சு முழுதாக வரவில்லை. தாச்சோ என்று கூப்பிடுவோம். ஹெர்மிலோ அவனைத் தன் பிள்ளையாகவே வளர்த்தார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை சொல்ல ஒன்றுமில்லாமல் இருந்ததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பையன் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே சாரத்தில் ஏறிவிடுவான். ஹெர்மிலோ காருக்கு அடிக்கிற பெயிண்டில்தான் வரைவார். அந்த வாடையோடு இருட்டும் நேரத்தில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வருவார்கள். ஹெர்மிலோவை மாஸ்ட்ரோ என்றுதான் கூப்பிடுவான்; சாப்பாட்டு மேசையில் எது பேசினாலும் "மாஸ்ட்ரோ சொன்னாரு" என்றுதான் தொடங்குவான். ஒருநாள் அவனுக்குப் பிடிக்குமே என்று மிளகாய்க் குழம்பு வைத்தேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "அம்மா, இது மாஸ்ட்ரோவுக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றான். பெற்றவளுக்கு அது ஒரு மாதிரி இருக்கும். சொன்னால் யாருக்கும் புரியாது.

படித்து கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியாராகப் போனான். என் சொந்த ஊர்ப் பக்கமே கேட்டு வாங்கிக்கொண்டு போனான். அங்கே மரம் வெட்டும் முதலாளிகள் ஊர்க்காட்டை மொட்டையடித்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் கூடிப்போய் ஊராட்சி அலுவலக வாசலில் நின்று கேட்டார்கள். கூரை மேலிருந்து அவர்களைச் சுட்டார்கள். தன் மாணவர்களில் ஒருவனுடைய அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு தாச்சோ ஓடினானாம். தூக்கிப் போய்ச் சேர்த்தபோது அந்த ஆள் உயிரோடு இல்லை. அதற்குப் பிறகு அவன் வகுப்பறைக்குத் திரும்பவில்லை. மலையேறிவிட்டான். துப்பாக்கி எடுத்துவிட்டான் என்றும் சொன்னார்கள். பேருந்து நிலையங்களில் அவன் படத்தை ஒட்டினார்கள். நல்ல படம்கூட இல்லை, கண்ணைப் பாதி மூடியிருந்தான்.

எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. ஹெர்மிலோவுக்குத் தெரியும் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

"எங்க இருக்கான்?" என்று கேட்டேன்.

"தெரியாம இருக்கிறது உனக்கு நல்லது, எவெலியா."

"நான் அவனப் பெத்தவ."

"அதனாலதான் சொல்றேன்."

சுவர் பார்க்கப் போகிறேன் என்று அவ்வப்போது கிளம்பிப் போவார். சுவர் பார்க்கப் போகிறவர் புதுப் போர்வையும் மருந்தும் எதற்கு எடுத்துப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. திரும்பி வரும்போது செருப்பின் அடியில் கறுப்பு மணல் ஒட்டியிருக்கும். கழுவி வைப்பேன். அவர் என் பிள்ளையைப் பார்த்துவிட்டு வருகிறார். நான் செருப்பைக் கழுவுகிறேன். இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் போயிற்று.

மழைக்கு முன்னால் ஒருமுறை போய் வந்தவர் நேரே பட்டறைக்குள் போனார். ஒரு பெரிய பலகையைத் தரையில் கிடத்தி, பெயிண்டைக் கொட்டி, சாம்பலும் மணலும் தூவி, பெயிண்ட் தெளிக்கும் காற்றுத் துப்பாக்கியால் அடித்து, முழங்காலில் நின்றபடியே வரைந்தார். காய்ந்ததும் சாப்பாட்டு அறையில் என் நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டினார்.

நீங்கள் அதைத் தினமும் பார்க்கிறவர், உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. வானம் தோலுரித்த சிவப்பு. கறுப்புப் பாறை கொதிப்பது போல எழும்பி நிற்கிறது. மலையை முறுக்கிப் பிழிந்திருக்கிறார். பிள்ளையின் முகத்தை எவ்வளவு கோணலாக வரைந்தாலும் பெற்றவளுக்குத் தெரியாமல் போகுமா? பார்த்த கணத்தில் மான்மலை என்று தெரிந்துவிட்டது. கையில் இருந்த சோளரொட்டிக் கூடையை மேசையில் வைத்தேன், அவ்வளவுதான்.

அன்று அவருடைய கட்சித் தோழர்கள் சாப்பிட வந்திருந்தார்கள். கொன்ராதோ என்று ஒருவர், செயலாளர், வாய் சும்மா இருக்காது. "என்ன தோழர் இது, மலை, மேகம்! சோப்பு கம்பெனி காலண்டருக்கா?" என்றார்.

"மலையும் தொழிலாளிதான் தோழர்" என்றார் ஹெர்மிலோ. "படைச்ச நாள்லேருந்து நின்னுக்கிட்டே இருக்கு. ஒருநாள் லீவு கொடுத்தானா எவனாவது?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் கேட்டேன்: "இது எந்த ஊரு?"

என்னைப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார். "எந்த ஊரும் இல்ல. என் வயித்துக்குள்ள இருக்கிற ஊரு" என்றார்.

அத்தனை பேர் முன்னால், நான் பிறந்த மலையைக் காட்டி, என்னிடமே பொய் சொன்னார். அப்படித்தான் அன்று எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு தினமும் சாப்பிடும்போது அதைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிட்டேன். காளவாய் இருக்க வேண்டிய இடத்தில், பாறைக்கு நடுவே, வெள்ளையாகச் சில தீற்றல்கள் இருக்கும். கட்டுரை எழுதியவர்கள் அதைப் பறவைகள் என்கிறார்கள், நம்பிக்கை என்கிறார்கள். அது கொடியில் காயும் துணி. பெரியவர்கள் துணி இல்லை. அந்த அளவுத் துணியை நானும் ஒருகாலத்தில் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். அங்கே ஒரு பெண் இருக்கிறாள், ஒரு குழந்தை இருக்கிறது. அவனுக்கு ஒரு குடும்பம் வந்துவிட்டது, அதுவும் எனக்குத் தெரியவில்லை.

நான் யாரையும் வெறுக்கவில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான், என் பிள்ளையைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

ரோஹெலியோ பரகான் என்று ஒருவர். என் முதல் கணவரின் சிநேகிதர், எங்கள் ஊர்க்காரர். தாச்சோவுக்கு ஞானத்தகப்பன் அவர்தான், ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றும்போது பிள்ளையைக் கையில் ஏந்தியவர். அந்த உறவு வந்துவிட்டால் நாங்கள் கொம்பாத்ரே, கொமாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். உடன்பிறப்பைவிடக் கெட்டியான உறவு. அவர் அப்போது அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்தார். ஹெர்மிலோ அவரை வீட்டுக்குள் விடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் பார்த்துக்கொள்வோம்.

"கொமாத்ரே, ராணுவம் முதல்ல கண்டுபிடிச்சா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். "என் ஆளுங்க கண்டுபிடிச்சா உயிரோட கொண்டாந்து ஜெயில்ல வைப்பேன். ரெண்டு மூணு வருஷம். அப்புறம் கோபம் ஆறிடும். நான் ஏந்துன பிள்ள அது."

சிறையில் பார்வை நாள் என்று ஒன்று உண்டு. நான் அதைத்தான் யோசித்தேன். கூடையில் சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாம். கம்பிக்கு அந்தப்பக்கம் அவன் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்க்கலாம். மலையில் பார்வை நாள் கிடையாது. ஒரு தாய் இதில் எதைத் தேர்ந்தெடுப்பாள் என்று உங்கள் அம்மாவைக் கேட்டுப்பாருங்கள்.

அந்தச் சமயத்தில் கைதிகளின் குடும்பங்களுக்கு உதவ ஓவியர்கள் சேர்ந்து ஒரு கண்காட்சி வைத்தார்கள். ஹெர்மிலோ இந்தப் படத்தைக் கொடுக்க விரும்பவில்லை. "இது வீட்டுக்கு வரைஞ்சது" என்றார். நான்தான் சொன்னேன், "இவ்வளவு நல்லா வந்திருக்கு, நாலு பேரு பாக்கட்டுமே" என்று. நான் அவர் படத்தைப் பாராட்டுவது அபூர்வம். முகம் மலர்ந்துபோயிற்று பாவம், உடனே கொடுத்துவிட்டார்.

கண்காட்சிக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். பரகானும் ஒரு மத்தியானம் வந்தார், நான் சொல்லித்தான். இரண்டு பேரும் படத்தின் முன்னால் நின்றோம். பக்கத்தில் ஒரு ஆசிரியை பள்ளிப் பிள்ளைகளுக்கு எதையோ விளக்கிக்கொண்டிருந்தார்.

"கொம்பாத்ரே, இந்த மலையத் தெரியுதா?"

தலையைச் சாய்த்துப் பார்த்தார். "மான்மலை மாதிரி இருக்கு. ஆனா கொம்பு மாறிக் கெடக்கே."

"கிழக்கேருந்து பாத்தா அப்படித்தான் இருக்கும். காளவாய்கிட்ட நின்னு பாத்தா."

நான் சொன்னது அவ்வளவுதான். ஒரு படத்தைப் பற்றி ஒரு பேச்சு. அங்கே வந்த யாரும் அதைச் சொல்லியிருக்கலாம்.

இல்லை, இன்னொன்றும் சொன்னேன். மறைக்கவில்லை, இந்த இடம் வரும்வரை காத்திருந்தேன். பரகான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் போய்ப் பார்த்தார். "இது என்ன வெள்ளையா? துணியா? பொம்பள புள்ளைங்க இருக்காங்களா அங்க?" என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். அவருக்கும் பிள்ளைகள் உண்டு.

"அது வெறும் பெயிண்ட்" என்றேன்.

பெண்ணும் குழந்தையும் இருக்கிறார்கள் என்றால் அவர் தயங்குவார், தள்ளிப்போடுவார், வேறு ஆளை அனுப்பி விசாரிப்பார். அதற்குள் தாச்சோ இடம் மாறிவிடுவான், மறுபடியும் எனக்குத் தெரியாத ஓர் இடத்துக்கு. நான் நினைத்தது அதுதான். பெண்ணும் குழந்தையும் ஒரு ஓரமாக நின்றுகொள்வார்கள், வந்தவர்கள் அவனை மட்டும் அழைத்துக்கொண்டு போவார்கள் என்று நினைத்தேன். வேறு எதையும் நினைத்ததாக எனக்கு ஞாபகமில்லை. பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன்.

விடியற்காலையில், கோவிலில் முதல் மணி அடிக்கிற நேரத்தில் பரகானின் ஆட்கள் போனார்களாம். உள்ளே இருப்பது ஆயுதம் வைத்த ஆண்கள் மட்டும்தான் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அதனால் வெளியே வரச் சொல்லிக் கூப்பிடவில்லை. காளவாய் வாயைப் பார்த்து நின்றுகொண்டு சுட்டார்கள். மசெதோனியோ வாசலிலேயே விழுந்தான். தாச்சோவும் குக்காவும் உள்ளே. குக்கா என்பதுதான் அந்தப் பெண்ணின் பெயர், ரெஃபூஹியோ என்ற பெயரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சுருக்கிக் கூப்பிடுவோம். தாச்சோவின் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவள். குழந்தையை அவள் தன் உடம்புக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தாளாம். அதனால் பலன் இருக்கவில்லை.

உடல்களை எங்களுக்குக் கொடுத்தார்கள். பரகான் ஏற்பாடு செய்திருப்பார். துக்க வீட்டுக்கும் வந்தார். ஹெர்மிலோ பின்கட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார், பார்க்கவில்லை. பரகான் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"கொமாத்ரே, பெயிண்ட்னு சொன்னீங்களே" என்றார். அப்புறம் நாங்கள் பார்த்துக்கொள்ளவே இல்லை. செத்தும் போய்விட்டார். யாரிடமும் சொல்லவில்லை, நல்ல மனிதர்.

படம்தான் காட்டிக்கொடுத்தது என்பதைக் கண்டுபிடித்தவர் கொன்ராதோ. அந்தப் பக்கத்து ஆள் ஒருவன் கண்காட்சியில் பார்த்து அடையாளம் சொல்லியிருக்க வேண்டும் என்றார். கட்சிக் கூட்டத்தில் ஹெர்மிலோவை நிறுத்திக் கேட்டார்கள். நானும் போயிருந்தேன், பின்வரிசையில்.

"ரகசியத்த வாயில வச்சிருந்தீங்க தோழர், கைய அடக்க முடியலையே" என்றார் கொன்ராதோ. "கலைஞனாம், கலைஞன்! நாலு உயிரு ஒரு படத்துக்கு."

ஹெர்மிலோ உறுப்பினர் அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார். வீடுவரை நடந்தோம். வழியில் அவர் வரைந்த சந்தை முகப்பு வந்தது. தெருவின் அந்தப்புறம் மாறி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் என் காலடியில் முழங்காலிட்டார். கடவுள் முன்னால்கூட முழங்காலிடாத மனிதர்.

"உனக்காகத்தான் வரைஞ்சேன், எவெலியா" என்றார். "வாயால சொல்லக்கூடாதுன்னு அவன் சத்தியம் வாங்கியிருந்தான். நீ சாப்பிடாம தூங்காம கெடக்கிறத என்னால பாக்க முடியல. நீ பொறந்த மலையாச்சே, உனக்கு மட்டும் புரியும்னு நெனச்சேன். நல்லா இருக்கான், பக்கத்துல ஒருத்தி இருக்கா, கொடியில பேத்தி துணி காயுதுன்னு நீ தெரிஞ்சுக்கணும்னு. நீ எந்த ஊருன்னு கேட்டப்போ, கண்ணால சொல்லிப்பாத்தேன். உனக்குப் புரியல. வேற எவனுக்கோ புரிஞ்சிருச்சு."

பிறகு சொன்னார்: "அவளுக்கு உன் பேருதான் வச்சிருந்தான். மழை முடிஞ்சதும் உன்ன அங்க கூட்டிட்டுப் போறதா இருந்தேன்."

அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. இறக்கி வைத்தேன். அப்புறம் அவர் தலையில் கை வைத்து, "நான் மன்னிச்சிட்டேன்" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் எதையும் வரையவில்லை. ஒப்புக்கொண்ட ஒரு பெரிய சுவரைப் பாதியில் விட்டுவிட்டார். அதில் ஒரு கைதான் இருக்கிறது, ஆள் இல்லை. இந்தப் படத்தை எரிக்கப் போனார். நான் விடவில்லை. என் பிள்ளை கடைசியாக இருந்த இடம் என்று எனக்கு வேறு எது இருக்கிறது? அதைச் சாப்பாட்டு அறையிலேயே மாட்டி வைத்தேன். அவர் அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்து சாப்பிடுவார். நான் எதிரே உட்கார்ந்து பரிமாறுவேன். அவருக்குப் பிடித்ததைத்தான் சமைத்தேன். பல வருடம் அப்படி இருந்தோம். அவர் போன பிறகுதான் உங்களுக்குக் கொடுத்தேன்.

சாகக் கிடந்தபோது மறுபடியும் கேட்டார். பேச்சு குழறிவிட்டது. "இன்னும் ஒருதரம் சொல்லு" என்றார். பாதிரியாரைக் கூப்பிடட்டுமா என்றேன், வேண்டாம் என்று தலையசைத்தார். என் வாயால்தான் வேண்டும் அவருக்கு. சொன்னேன். என் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார். நிம்மதியாகத்தான் போனார். அந்த அளவுக்கு என்னால் செய்ய முடிந்தது.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். பரவாயில்லை. காளவாயைச் சொன்னது நான், குழந்தை இல்லை என்று சொன்னதும் நான். இரண்டையும் தேவையானால் எழுதிக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் எழுதுவதாக இருந்தால் முழுவதையும் எழுதுங்கள். மகனையும் பேத்தியையும் பறிகொடுத்தவள், அதற்குக் காரணமானவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே அடுப்பில் ஆக்கிப்போட்டு, கடைசியில் அவர் கண்ணையும் மூடிவிட்டாள். அது எல்லோராலும் ஆகிற காரியமில்லை. அவர் அந்த மலையை வரையாமல் இருந்திருந்தால் நான் வாய் திறக்கவே வேண்டியிருந்திருக்காது. இருந்தும் ஒருநாள்கூட நான் அதை அவரிடம் சொல்லிக்காட்டியதில்லை.